வாரிசு வேலையில் சேர்ந்தவர்களின் சம்பள, பென்ஷன் சிக்கலுக்கு மனு எழுதித் தரும் இடம்: என் அனுபவம்

மாவட்டக் கருவூலத்துக்குப் பின்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருக்கும் சின்ன அறை. போர்டில் "ஊதிய நிர்ணயம், பணிவரன்முறை, ஓய்வூதியக் கருத்துரு" என்று மட்டும் எழுதியிருக்கும். நடத்துபவர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட ஒரு பெண் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறார். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் போடவில்லை. எனக்கு வர வேண்டிய சம்பள நிலுவைக்கான பில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஊரைச் சொன்னால் எந்த அலுவலகம் என்று எங்கள் துறைக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையில் தேவைப்படுபவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

இது யாருக்கு உதவும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவோ அம்மாவோ கணவரோ பணியில் இருக்கும்போது இறந்து, கருணை அடிப்படையில் தமிழ்நாடு அரசு வேலைக்கு வந்தவர்கள், அதிலும் 2000-க்கும் 2010-க்கும் நடுவில் சேர்ந்தவர்கள், ஒருமுறையாவது இந்த மாதிரி ஒருவரிடம் தங்கள் எஸ்.ஆர்-ஐ, அதாவது பணிப்பதிவேட்டை, காட்டிவிடுவது நல்லது. வக்கீலிடம் போவதற்கு முன்னால்.

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல் என்று தேர்வாணையம் வழியாக வந்தவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அறிவிப்பு, தேர்வு முடிவு, ஆணை, சேர்ந்த நாள் எல்லாம் ஒரே கோட்டில் போகும். நமக்கு இறந்த தேதி ஒன்று, விண்ணப்பித்த தேதி ஒன்று, தாசில்தார் அலுவலகம் சான்று கொடுத்த தேதி ஒன்று, தற்காலிகமாகப் பணியில் சேர்ந்த தேதி ஒன்று, அந்த வேலையை முறைப்படுத்தும் பணிவரன்முறை ஆணை வந்த தேதி வேறொன்று, அந்த ஆணை எந்த நாளிலிருந்து செல்லும் என்பது இன்னும் வேறொன்று. நடுவில் 29.11.2001-ல் அரசாணை 212 வந்து ஆளெடுப்பையே நிறுத்தினார்கள், அது 7.2.2006-ல் அரசாணை 14 வந்த பிறகுதான் தளர்ந்தது. அந்த இடைவெளியில்தான் 1.4.2003 வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம், அதாவது சிபிஎஸ். அதற்கு முதல் நாள் சேர்ந்திருந்தாலும் பழைய ஓய்வூதியம். அப்பா 2000-லேயே இறந்து, மனு 2001-லேயே கொடுத்து, தடையால் 2006-ல் வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அலுவலகத்திலேயே எண்ணிப் பாருங்கள். நானும் அதில் ஒருத்தி.

அந்த ஒரு தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சொல்ல வேண்டும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. பழைய திட்டத்தில் 10 வருடத் தகுதியான பணி இருந்தால் மாத ஓய்வூதியம் உண்டு, 30 வருடம் இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, கூடவே பணிக்கொடை, நம் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம். சிபிஎஸ்-க்காக நம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது, ஓய்வு பெற்றவர்களுக்கு அது வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வந்தது, அவ்வளவுதான். இதற்குப் பதிலாகப் புதுத் திட்டம் என்று நடக்கும் பேச்சையெல்லாம் நான் இங்கே இழுக்கவில்லை. நான் சொல்ல வந்தது இந்தக் கடையைப் பற்றி.

சரி, அங்கே என்ன நடக்கும்? போய் உட்கார்ந்ததும் கதை கேட்க மாட்டார். "எஸ்.ஆர் நகல் இருக்காம்மா?" என்பார். இல்லை என்றால் அன்றைக்கு ஒன்றும் பேச மாட்டார், வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அலுவலகத்தில் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கச் சொல்வார், அந்த மனுவை மட்டும் காசு வாங்காமல் எழுதித் தருகிறார். நகல் வந்ததும் ஒரு நீளமான வெள்ளைத்தாளில் கோடு போட்டு, இடது பக்கம் தேதிகள், நடுவில் ஆணை எண், வலது பக்கம் "ஆதாரம் எங்கே" என்று மூன்று பத்தி. அந்த மூன்றாவது பத்தியில்தான் மனிதரின் அனுபவம் தெரிகிறது.

என் எஸ்.ஆர்-இல் நான் பல முறை புரட்டிப் பார்த்த பக்கம்தான். பணியில் சேர்ந்த பதிவுக்கு எதிரே "பி.ப." என்று இருந்ததை அவர் விரலை வைத்துக் காட்டினார், அதாவது பிற்பகல். நியமன ஆணையைத் தொடர்ந்து கொடுத்த என் சேர்க்கை அறிக்கையில் முற்பகல் என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ஒரு வருடத்துக்குப் "பணி சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை இருக்கிறது, கையெழுத்து இல்லை. அந்த வருடம் இருந்த அதிகாரி மாறுதலில் போன அவசரத்தில் விட்டிருக்க வேண்டும். இதெல்லாம் இன்றைக்குச் சின்ன விஷயம், ஓய்வு பெறும் வருடத்தில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து ஓய்வூதியக் கருத்துரு, அதாவது நம் அலுவலகம் அனுப்பும் முன்மொழிவு, திரும்பி வரும்போதுதான் பெரிதாகும், அப்போது அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியலைத் தேடி எங்கே போவீர்கள் என்றார். இதற்கு மேல் அவர் பயமுறுத்தவில்லை. எந்த அலுவலகத்துக்கு எழுதி, எந்தப் பதிவேட்டைக் காட்டி அந்தப் பதிவைச் சரி செய்யலாம் என்று அதே தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

என் முக்கியமான சிக்கல் தேர்வு நிலை, அதாவது ஒரே பதவியில் பத்து வருடம் முடித்தால் கிடைக்கும் கூடுதல் ஊதிய நிலை. 2006-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கல்விச் சான்றின் மெய்த்தன்மை வருவதற்குத் தாமதமானது, பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு என் பெயர் பரிந்துரைக்கப்பட்டதும் தாமதம்தான், கடைசியில் பணிவரன்முறை ஆணை போட்டவர்கள் சேர்ந்த நாளிலிருந்து போடாமல் 2008-ல் ஒரு தேதியிலிருந்து போட்டுவிட்டார்கள். பத்து வருடத்தில் வர வேண்டிய தேர்வு நிலை 2016-ல் வராமல் 2018-க்குப் போனது. இரண்டு வருடம்தானே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தேர்வு நிலையில் விழுந்த வித்தியாசம் அதற்கு அடுத்த ஒவ்வொரு ஊதிய உயர்விலும், அகவிலைப்படியிலும், சிபிஎஸ் பிடித்தத்திலும், அரசு போடும் பங்கிலும், விடுப்பு ஒப்படைப்பிலும் கூடவே வரும் என்பதை அந்தத் தாளில் வருடா வருடம் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது, ஏனென்றால் மெய்த்தன்மைச் சான்று தாமதமானதில் என் பங்கு ஒன்றுமே இல்லை, சான்று உண்மை என்றுதான் வந்தது.

அதற்கான மனு இரண்டே பக்கம். "கருணை கூர்ந்து", "ஏழைக் குடும்பம்", "தந்தையை இழந்த" எதுவும் இல்லை. எந்தத் தேதி, எந்த ஆணை, எந்த விதி, என்ன திருத்தம் வேண்டும், அவ்வளவுதான். பின்னால் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்க எண். என் கூடச் சேர்ந்த இன்னொருவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வரன்முறை ஆன ஆணை நகலையும் சேர்க்கச் சொன்னார். ஒரே நிலையில் இருப்பவர்களை வேறுவிதமாக நடத்தினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வரக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்வார்.

இப்போது எனக்குப் பிடிக்காத, ஆனால் நான் அதிகம் மதிக்கிற விஷயம். பழைய ஓய்வூதியம் கேட்டும் மனு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அப்பா இறந்ததும் மனு கொடுத்ததும் 1.4.2003-க்கு முன்னால், தடை போட்டது அரசு, அப்புறம் ஏன் நான் சிபிஎஸ்-இல் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். கருணை நியமனம் உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, திடீரென்று வருமானம் நின்றுபோன குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் சொன்னதிலிருந்து, மனு கொடுத்த நாளை வைத்து உரிமை கேட்பது பலவீனமாகிவிட்டது. ஆணை வந்து பணியில் சேர்ந்த நாளைத்தான் பார்ப்பார்கள் என்றார். நான் கையில் வைத்திருந்த ஒன்றிய அரசின் 3.3.2023 உத்தரவின் நகலையும் காட்டினேன். 22.12.2003-க்கு முன்னால் அறிவிக்கப்பட்ட பணியிடங்களில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்கு மாற ஒருமுறை வாய்ப்பு தந்த உத்தரவு அது, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். அது ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு, தமிழ்நாடு அரசைத் தானாகக் கட்டுப்படுத்தாது, மனுவில் மேற்கோள் காட்டலாம், அதை நம்பி வழக்குச் செலவு செய்யாதீர்கள் என்றார். அந்த மனுவுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். சங்கம் மூலமாகக் கோரிக்கையாக வையுங்கள், அது அரசு கொள்கையாக முடிவு செய்ய வேண்டியது என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு கனத்துப்போய்த்தான் வந்தேன். ஆனால் இதே கேள்விக்கு வேறொரு இடத்தில் "நிச்சயம் ஜெயிக்கலாம்" என்று முன்பணம் கேட்டிருந்தார்கள்.

என்னோடு வந்த அக்காவின் விஷயத்தில் அவர் அப்படியே வேறு மாதிரி பேசினார். அக்கா 2001-ல், தடை வருவதற்கு முன்பே, காலமுறைச் சம்பளத்தில் (வருடாந்திர உயர்வோடு கூடிய வழக்கமான ஊதிய விகிதம்) தற்காலிகமாகச் சேர்ந்தவர். தற்காலிக நியமனத்துக்கான விதி 10(அ)(i)-இன் கீழ் என்று நியமன ஆணையிலேயே இருக்கிறது. வரன்முறை ஆணை 2005-ல் போட்டு, 2005-லிருந்தே செல்லும் என்று எழுதிவிட்டதால் சிபிஎஸ் எண் கொடுத்துவிட்டார்கள். அக்காவும் எல்லோரும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். இவர் நியமன ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை ஏம்மா இத்தனை வருஷம் பேசாம வச்சிருந்தீங்க?" என்றார். தினக்கூலியிலும் தொகுப்பூதியத்திலும் (மாதம் ஒரே நிலையான தொகை) இருந்து 1.4.2003-க்குப் பிறகு வரன்முறை ஆனவர்கள், முந்தைய பணிக்காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கக் கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019-ல் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து வீசும். ஆனால் அக்கா தொகுப்பூதியத்தில் இல்லை, முதல் நாளிலிருந்து காலமுறைச் சம்பளம், வருடாந்திர ஊதிய உயர்வு, எல்லாம் எஸ்.ஆர்-இல் இருக்கிறது. அதனால் முதல் வேலை பென்ஷன் கேட்பது அல்ல, வரன்முறை ஆணையின் தேதியைத் திருத்தக் கேட்பது. அது திருந்தினால்தான் மற்றது பின்னாலேயே வரும் என்றார். எதை முதலில் கேட்பது என்ற இந்த வரிசையைத்தான் வேறு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கு 2031-ல் 60 வயது, முப்பது வருடப் பணி. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிகிறதல்லவா?

தாமதத்தைப் பற்றியும் நேராகச் சொன்னார், இது எல்லோருக்கும் வேண்டியது. சம்பளக் குறைவும் ஓய்வூதியக் குறைவும் மாதாமாதம் தொடரும் குறை என்பதால் தாமதமாகப் போனாலும் கதவு முழுசாக அடைக்காது, ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் வந்த ஜேக்கப் வழக்கு நம் மாநிலத்தில் இருந்து போனது, பழைய கோரிக்கைக்குத் திரும்பத் திரும்ப மனு போட்டு ஒரு பதில் வாங்கிவிட்டால் காலம் புதிதாகத் தொடங்கிவிடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்கள் செய்வது முழுக்க இதற்கு நேர்மாறு. முதல்வரின் தனிப்பிரிவுக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, துறைத்தலைவருக்கு ஒன்று என்று பத்துப் பதினைந்து வருடம் மனு எழுதிக்கொண்டே இருப்போம். இதற்கென்று இருந்த நிர்வாகத் தீர்ப்பாயமும் இப்போது இல்லை, பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ரிட் மனுதான். அதனால் ஒரு நல்ல மனு, ஒரு நினைவூட்டல், பிறகும் அசையவில்லையென்றால் வக்கீல் என்பதுதான் அவர் முறை.

நான் காத்திருந்த ஒருநாள் ஒரு அம்மா வந்திருந்தார். கணவர் இறந்தபின் தொண்ணூறுகளில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர், அடுத்த சில மாதத்தில் ஓய்வு. தணிக்கையில் பழைய ஊதிய உயர்வு ஒன்று ஒரு வருடம் முன்கூட்டியே தரப்பட்டது என்று தடை எழுப்பி, மொத்தத்தையும் பணிக்கொடையில் பிடிக்கப் போவதாகக் கடிதம். அந்த அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை மடிக்கவும் கை வரவில்லை. இவர் 2014-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரபீக் மசி தீர்ப்பை எடுத்து, சி, டி பிரிவு ஊழியரிடமும், ஓய்வு பெற ஒரு வருடத்துக்குள் இருப்பவரிடமும், ஐந்து வருடத்துக்கு மேலாகக் கொடுத்துவந்த தொகையையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்ற பகுதிகளை அப்படியே மனுவில் வைத்தார். பிறகு, "சம்பள கமிஷன் சமயத்துல கூடுதலா வந்தா திருப்பிக் கட்றேன்னு ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அப்படி உறுதிமொழி கொடுத்திருந்தால் 2016-ல் வந்த ஜக்தேவ் சிங் தீர்ப்பைக் காட்டி மறுப்பார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: பணம் பிடிப்பதை மட்டும்தான் நிறுத்த முடியும், சம்பளத்தைச் சரியான அளவுக்குக் குறைத்து நிர்ணயிப்பதையும் அதை வைத்து ஓய்வூதியம் கணக்கிடுவதையும் இந்தத் தீர்ப்பு தடுக்காது. நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை.

குறைகளும் உண்டு. டோக்கன் கிடையாது, போனை எடுப்பதில்லை, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று உள்ளே நுழையவே முடியாது. சொன்ன நாளில் மனு தயாராக இருந்ததில்லை, ஒரு வாரம் தள்ளிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கொடுப்பதில்லை, கேட்டால்தான் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருகிறார், இது சரியில்லை. எஸ்.ஆர் பார்த்துச் சொல்ல 500 ரூபாய், மனுவுக்கு 1,500, ஓய்வூதியக் கருத்துரு முழுசாகத் தயாரிக்க அதற்கு மேல். என் கணக்கில் இது நியாயமான கூலிதான், ஆனால் அலுவலக உதவியாளர் சம்பளத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவரிடமே சொன்னேன். வக்கீல் என்று கேட்டால் எப்போதும் ஒரே ஒருவரைத்தான் கை காட்டுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இரண்டு மூன்று பெயர் கொடுத்து நம்மைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ரயில்வே ஆட்கள் போய்ப் பயனில்லை, அந்த விதிகள் எனக்குத் தெரியாது என்று அவரே சொல்லிவிடுவார். சம்பளம், விடுப்பு விவரங்களுக்கான களஞ்சியம் செயலியில் வரும் தவறுகளுக்கும் அவரிடம் வைத்தியம் இல்லை, டைப் அடிக்கும் பெண்ணுக்குத்தான் அது தெரிகிறது, அவரிடம் கேளுங்கள்.

போகும்போது எஸ்.ஆர் முழு நகல் (முதல் பக்கத்திலிருந்து, விடுப்புக் கணக்கு உட்பட), நியமன ஆணை, சேர்க்கை அறிக்கை, வரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, சிபிஎஸ் கணக்குத்தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கணக்குத்தாளில் ஏதாவது மாதம் விடுபட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே வீட்டில் டிக் அடித்துப் பார்த்துவிட்டுப் போனால் அரை நாள் மிச்சம். அப்பா இறந்ததும் வேலை கேட்டுக் கொடுத்த பழைய மனுவின் நகல் இருந்தால் அதையும் வையுங்கள், உரிமைக்கு உதவாவிட்டாலும், இறந்த நாளிலிருந்து மூன்று வருடக் கெடுவுக்குள் விண்ணப்பம் கொடுத்தோம் என்பதற்கு அது வேண்டியிருக்கும்.

என் மனுவுக்குத் திருத்திய வரன்முறை ஆணை வந்துவிட்டது, 2006-ல் சேர்ந்த நாளிலிருந்து. தேர்வு நிலையும் 2016-க்கு மாற்றி நிர்ணயம் செய்துவிட்டார்கள், நிலுவை பில் கருவூலத்தில் ஒரு முறை திரும்பி, கையெழுத்துச் சரி செய்து மறுபடி போயிருக்கிறது. அக்காவின் மனு துறைத்தலைவர் அலுவலகத்தில் இருக்கிறது, நினைவூட்டலும் கொடுத்தாயிற்று, பதில் இல்லையென்றால் அடுத்து மதுரைக் கிளைதான். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், ரசீது கொடுக்கத் தொடங்கினால் அந்த ஒன்றையும் சேர்த்துவிடுவேன். அக்காவுக்கு என்ன ஆணை வருகிறது என்பதை வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன். 2003-க்கு முன் சேர்ந்து பின்னால் வரன்முறை ஆனவர்கள் அதுவரை காத்திருக்காமல் உங்கள் நியமன ஆணையில் என்ன விதி, என்ன சம்பளம் என்று எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.